நனிசைவ வியாபாரமும் நமது வாலிபரும்

புலால் மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன், தோல், பட்டு முதலிய, பிராணிகள் வழியாக வரும் பொருள்கள் யாவற்றையும் விலக்கி வாழ்வோர் இன்று பல தேசங்களிலும் இருக்கின்றனர். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர் தோழர்களும் சங்கம் அமைத்தபோது இக்கொள்கைக்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் நனிசைவம் என்கிறோம். பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று. மகாத்மா காந்தி 1912லேயே தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தார். கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் ஹிம்சை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இத்தகைய பண்டங்களை இணையத்தின் வாயிலாக விற்கும் கடைகள் இப்போது நம் நாட்டில் தோன்றி வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையம் போன்ற ஊர்களின் வாலிபர் இவ்வியாபாரத்தில் துணிந்து இறங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் பிறர் பண்டத்தைப் பெட்டி மாற்றி விற்கும் தரகராக அன்று. தம் மண்ணின் விளைச்சலை விற்கும் வியாபாரிகளாக இறங்க வேண்டும்.

ஆரணியாற்றங்கரையிலுள்ள பெரியபாளையம், வேப்பிலையையே ஆடையாக உடுத்திப் பக்தர்கள் பவானி அம்மனுக்குப் பிரார்த்தனை செலுத்தும் ஊர். ஆடி மாதத்தில் அங்கே கூடும் ஜனத்திரளைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, மறுபுறம் சென்னைப் பட்டணம். சுற்றுப்புறத்தில் நெல்லும் நிலக்கடலையும் எள்ளும் விளைகின்றன. அக்கடலை மூட்டையாக வெளியே போகிறது. அரைத்துச் சீசாவில் அடைத்த 'பீநட் பட்டராக' வேறொருவர் பெயரைத் தாங்கித் திரும்பி வருகிறது. பண்டம் திரும்பி வருகிறதேயன்றி இலாபம் திரும்புவதில்லை! பெங்களூரில் 2016ல் தோன்றிய 'குட்மில்க்' நிறுவனம் நிலக்கடலையிலிருந்து தயிர் செய்து விற்றது. பெங்களூரில் முடிந்தது பெரியபாளையத்தில் ஏன் முடியாது?

ஆயினும் முதலிலேயே கடலைத் தயிரும் தேங்காய்ப்பாலும் விற்கப் புகுவது விவேகமன்று. குளிர்சாதனமின்றி அவை ஒரு நாள் தாங்கா. கேழ்வரகு மாவு, செக்கெண்ணெய், நெய் சேராத வெல்லக் கடலை மிட்டாய், கொழுப்புச் சேராத வேப்பெண்ணெய்ச் சோப்பு ஆகிய கெடாத பண்டங்களில் தொடங்கி, கை பழகிய பின் மேலே செல்லலாம்.

இவ்வியாபாரத்தின் மூலதனம் பணத்தைக் காட்டிலும் நாணயமே. வாங்குபவர் பண்டத்தைப் பார்ப்பதில்லை. சீட்டில் எழுதியதையே நம்புகிறார். 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நனிசைவம் என்று விற்கும் உணவில் பிராணிகளின் வழி வந்த எதுவும், பக்குவம் செய்ய உதவும் பொருளாகக்கூட, சேரலாகாது. பிராணிகள்மீது சோதித்துப் பார்த்தலும் கூடாது. உரிய முத்திரைக்கு அங்கீகாரமும் பெறவேண்டும். சட்டத்துக்கு மேலும் ஒரு தர்மம் உண்டு. பி-12 என்னும் ஜீவசத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. தாவரப்பால் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. இவற்றை மறைத்து விற்பவன் அஹிம்சையின் பெயரால் ஹிம்சை செய்பவனாவான்.

மற்றொன்று, பண்டம் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு செல்லும் வழியும் நம் கையில் இருக்கவேண்டும். இதை உணர்ந்தே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே அதை நசுக்கப் பார்த்தது. இன்றைய பெரிய இணையச் சந்தைகளின் தள்ளுபடியும் சிறு வியாபாரிக்கு அத்தகைய சோதனையே. அச்சந்தைகளை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே தரகு போவதுடன், வாங்குவோர் யார் என்பதும் விற்பவனுக்குத் தெரியாமற் போகிறது. ஆகவே சொந்த இணையக் கடையும், சொந்த வாடிக்கைக் குறிப்பும், இயன்றால் பயிர்செய்வோரும் பங்குபெறும் கூட்டுறவும் இன்றியமையாதவை.

"மாடு வளர்க்கும் ஏழையின் வயிற்றில் அடிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மாடு வளர்க்கும் குடும்பமே கடலையும் எள்ளும் பயிரிடுகிறது. அதற்கு நல்ல விலை கிடைத்தால் அக்குடும்பத்திற்கு மற்றொரு கையூன்று கிடைக்குமேயன்றி நஷ்டமில்லை. இதனினும் பெரிய அபாயம் வேறு. உணவைக் கொண்டு மனிதரை உயர்வு தாழ்வு பிரித்த பழைய நோய்க்கு நனிசைவம் புதிய போர்வையாகிவிடக் கூடாது. புலால் உண்போரையோ பால் அருந்துவோரையோ இழித்துப் பேசும் ஒரு சொல்லும் இக்கடையின் விளம்பரத்தில் இடம்பெறலாகாது. பிராணிகளிடம் காட்டும் கருணை மனிதரிடம் வற்றிப்போனால் அது கருணையாகாது.

தேசபக்தி மேடையில் மட்டும் வளர்வதில்லை. கணக்குப் புத்தகத்திலும் வளர்கிறது. உழுதவனுக்கு உரிய விலை, வாங்குபவனுக்கு உண்மைச் சரக்கு, ஊர் வாலிபருக்கு ஊரிலேயே தொழில் என்னும் மூன்றையும் தரக்கூடிய முயற்சியைப் பெரியபாளையத்தார் கைநழுவ விடலாகாது. ஊரார் ஆதரவும் அதற்குத் தட்டாமல் கிடைக்கவேண்டும்.