கார் எந்த ஊர்?

போன வாரம் மச்சான் புது ஹூண்டாய் கார் எடுத்தார். எங்கள் அம்பத்தூர் வீட்டு வாசலில் நிறுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும் பானட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "என்ன இருந்தாலும் கொரியாக்காரன் கொரியாக்காரன்தான் மாப்ளே. நம்ம ஆளுங்களுக்கு இந்த ஃபினிஷிங் வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கார் கப்பலேறி வந்ததா? பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையில் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. 1998-இல் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டதும் அங்கிருந்துதான். விடியற்காலையில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நம் பிள்ளைகளை மச்சான் தினமும் பார்க்கிறார். இந்தக் காரைச் செய்தவர்கள் அவர்கள்தான் என்பது மட்டும் அவர் மனதில் ஏறுவதில்லை.

காரைக் கம்பெனியின் நாட்டுப் பெயரால் சொல்வது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. 'ஜப்பான் கார்' என்று ஊரே வாய்பிளந்த மிட்சுபிஷி லான்சர், ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் பக்கத்தில், அம்பாசிடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் ஆலையில் உருவானது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. அங்கே வாங்கியவர்கள் அதை அமெரிக்கக் கார் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2021-இல் ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நினைத்துக் கலங்கியது மறைமலை நகர்த் தொழிலாளி.

பெயரை வைத்து நாட்டைச் சொல்லவும் முடியாது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவுக்குச் சொந்தம். எம்.ஜி. என்பது ஆங்கிலேயப் பெயர்; அதை வைத்திருப்பது சீன நிறுவனம்; நம் சாலையில் ஓடும் எம்.ஜி. கார்கள் குஜராத்தின் ஹலோலில் உருவாகின்றன. குஜராத்தில் செய்த மாருதி ஃப்ரான்க்ஸ் 2024-இல் ஜப்பானுக்கே விற்பனைக்குப் போனது.

வடிவமைப்பும் லாபமும் வெளிநாட்டுக்குப் போகலாம். உழைப்பு யாருடையது? பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று 1960களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரும் சக்கரமும் பிரேக்கும் செய்துவரும் பகுதி இது. ராணுவமே ஆவடியில் செய்த டாங்கியை நம்பிப் போர்முனைக்குப் போகிறது.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். மைக்ரோமீட்டரில் முடியளவு பிசகினாலும் பீஸ் திரும்பி வரும். அன்றைய கூலி போய்விடும். கார் கம்பெனிகளுக்குப் போகும் புஷ்ஷை ஆயிரக்கணக்கில் கடைந்தவர், கடைசிவரை சைக்கிளில்தான் போனார். அந்தக் கார்கள் எதிலும் அவர் பெயர் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அவர் கேட்காத மரியாதையை அவருக்காக நான் கேட்கிறேன்.

கம்பெனியின் பெயரைப் பெருமையாகச் சொல்லுங்கள், தவறில்லை. கூடவே பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: "இதை நம்ம ஊர்க்காரங்கதான் செஞ்சாங்க."