பழைய கிட்டாரின் லட்சணம்

பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் அதை மடியில் வைத்து வாசித்துப் பார்ப்பதுதான். என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகச் செய்யவேண்டிய காரியம். இனிய நாதம் ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதன் பிறகு கண் தன் கடமையை மறந்துவிடுகிறது. சந்தைக்கு வரும் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுகிறவனைப் போல, விற்பவரும் வாத்தியத்தைத் துடைத்துப் புதுத் தந்தி மாட்டி வைத்திருப்பார். அந்தத் தந்தியின் கணீரென்ற ஓசை சில வாரங்களில் மங்கிவிடும், மரம் மட்டுமே நம்மோடு நிலைத்திருக்கும்.

கிட்டாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சுருதி கூட்டிய நிலையில் ஏறத்தாழ 70 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு, இரவும் பகலும், யாரும் தொடாத வேளையிலும், கழுத்தை உடலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மூன்று மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாத முகப்பலகையும், அதன் அடியில் ஒட்டிய மெல்லிய சட்டங்களும் அதைத் தாங்கி நிற்கின்றன. வருஷக்கணக்காக நடந்துவரும் இந்த இழுபறியில் மரம் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது என்று அறிவதே பரீட்சையின் சாரம். மேற்பூச்சின் கீறல்களையும் பட்டைக் கொக்கி உராய்ந்த வடுக்களையும் பேரம் பேசப் பயன்படுத்திக்கொள்ளலாமே தவிர, அவற்றால் வாத்தியத்துக்கு யாதொரு பங்கமும் இல்லை.

ஆகையால் கனத்த தந்தியை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்னும் மெட்டுகளில் முதலாவதிலும், கழுத்து உடலோடு சேரும் 14ஆவது ஃபிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். அந்தத் தந்தியே நேர்கோடு காட்டும் அளவுகோலாகிவிடும். ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தடித்த காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் குறையில்லை. மிஞ்சினால் கழுத்து வளைந்திருக்கிறது. அதற்குப் பரிகாரம் உண்டு. கிப்ஸன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1923இல் காப்புரிமை பெற்ற டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி கழுத்துக்குள் ஓடுகிறது. அதன் திருகு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் கழுத்து உடலோடு சேரும் கோணமே சரிந்திருந்தால் அந்தக் கம்பியால் ஆவது ஒன்றுமில்லை. 12ஆவது ஃபிரெட்டில் கனத்த தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது சௌகரியம். அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால், முகப்பலகையில் ஒட்டிய பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற துண்டைப் பாருங்கள்: போதிய உயரம் மிச்சமிருந்தால் சற்று அராவித் தந்தியை இறக்கலாம், முன்பே அராவி அராவிப் பிரிட்ஜோடு மட்டமாகியிருந்தால், பழைய சொந்தக்காரரே அந்தப் பரிகாரத்தைச் செலவழித்துத் தீர்த்துவிட்டார் என்று அர்த்தம். கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்டும் கூலி சாமானியக் கிட்டாரின் விலையையே விழுங்கிவிடும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

வேறொரு விபரீதமும் உண்டு. அகன்ற கழுத்தும், தலையில் இரண்டு நீண்ட துவாரங்களும், பிரிட்ஜில் முடிச்சிட்ட தந்திகளுமாக இருக்கும் நைலான் தந்திக் கிட்டார், எஃகின் இழுவிசையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்குவதற்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டது. அதன் கழுத்தில் கம்பியும் பெரும்பாலும் இராது. ஓசை போதவில்லை என்று அதில் எஃகுத் தந்தியை ஏற்றி வாசித்தவர்கள், விற்கும்போது நைலானை மாட்டி வைத்துவிடுவார்கள். பிரிட்ஜின் பின்புறம் முகப்பலகை புடைத்தும், முன்புறம் குழிந்தும் இருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும். பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதம் நுழைந்தால் ஒட்டும் விட்டிருக்கிறது.

பின்பலகை ரோஸ்வுட் என்று விற்பவர் பெருமை பேசலாம். பெரும்பாலும் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி மரந்தான். பிரேசில் மரம் அரிதானபோது அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனமே 1969இல் இதற்கு மாறியது என்றால் அதன் கீர்த்தியில் சந்தேகமில்லை. ஆயினும் நாதம் பெரும்பாலும் முகப்பலகையில் பிறப்பது. ஒலித்துவாரத்தின் விளிம்பில் மர ரேகைகள் மடங்கித் தொடர்ந்தால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். கடற்காற்றும் குளிர்சாதன அறையும் மாறி மாறி வதைக்கும் சென்னையில், கற்றுக்கொள்பவனுக்கு எளிதில் வெடிக்காத பிளைவுட்டே உத்தமம்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. ஸ்தானம் தவறினால் மெழுகை இளக்கித் திருத்தலாம். கிட்டாரின் ஃபிரெட்டுகளோ கணக்கிட்டு அறுத்த பள்ளங்களில் அடித்து இறக்கியவை. ஒவ்வொரு தந்தியையும் 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டி, பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டு ஸ்வரங்களும் ஒன்றாக இருக்கவேண்டும். தேய்ந்த தந்தி இங்கே பொய் சொல்லும். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் விழுந்த பள்ளமும், துருப்பிடித்த டியூனிங் கீயும் அற்பச் செலவில் தீரும்.

இத்தனையும் தேறினால் ஆசைதீர வாசியுங்கள். பத்திரத்துக்காகத் தளர்த்தி வைத்திருக்கிறேன் என்று சொல்லி யாராவது தந்தி தொய்ந்த கிட்டாரைக் காட்டினால், சுருதி கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். அவர் அதற்கு இசையாவிட்டால் வாங்காதீர்கள்.