மாறியது மனமா, மருந்தா?



1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்ற முஹம்மது அலீ மேடையில் தோன்றிய காட்சியை உங்களுள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் மின்னலெனச் சுழன்ற கரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓயாது பேசிச் சிரித்த முகம் அசைவற்றிருந்தது. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2016இல் மறையும் வரை, 32 ஆண்டுகள் அவர் அந்நோயுடன் வாழ்ந்தார்.

நம் வீடுகளில் இதனை 'நடுக்கு வாதம்' என்பர். கை நடுக்கமும், உடல் விறைப்பும், தளர்நடையும் எல்லாரும் அறிந்தவையே. ஆனால் இந்நோயும் இதற்கான மருந்தும் ஒருவருடைய குணத்தையே மாற்றக்கூடும் என்பதைப் பலர் அறியார். குடும்பங்களை மிகுதியாகப் புண்படுத்துவது நடுக்கமன்று, இந்த மாற்றமே. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, நோயாளியின் அறிவு பழுதுபடுவதில்லை என்றே குறித்தார். அக்கருத்து நெடுங்காலம் நிலவியது. இன்று அது முழு உண்மையன்று என்பது தெளிவாகியுள்ளது.

டோபமைன் என்னும் தூதுவன்

நடுமூளையில் கருநிறம் கொண்ட சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து மூளையின் பிற பகுதிகளுக்கு அனுப்புகின்றன. இந்த அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே பார்க்கின்சன் நோய்.

இதை அறிய உதவியதில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் ரெசர்பின் என்ற மருந்தை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோபமைனின் மூலப்பொருளான லெவோடோபாவைச் செலுத்தியதும் மீண்டும் எழுந்து இயங்கின. இது நிகழ்ந்தது 1957இல். அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இன்றளவும் இந்நோய்க்குத் தலையாய மருந்து லெவோடோபாவே.

டோபமைனின் வேலை உடலை இயக்குவதோடு முடிவதில்லை. ஒன்றை விரும்புவது, அதற்காக முனைவது, பலனைக் கண்டு மீண்டும் நாடுவது ஆகிய உந்துதல்களுக்கும் அதுவே தூதுவன்.

குறைந்தால் வருவது

பேரப்பிள்ளை வந்து நின்றாலும் வாப்பா முகம் மலர்வதில்லை. கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்தே விடை வருகிறது. எடுத்த வேலை பாதியில் நிற்கிறது. "சோம்பல் வந்துவிட்டது, நம்மீது பாசமும் போய்விட்டது" என்று வீட்டார் மனம் நோகின்றனர். உண்மை வேறு. முகத்தசைகள் விறைத்ததால் புன்னகை வெளிப்படவில்லை. டோபமைன் குறைந்ததால் முனைப்பு எழவில்லை, சிந்தனையும் மெதுவாகிறது. அன்பு உள்ளேதான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் கூறி, விடைக்குப் பொறுமையுடன் காத்திருங்கள். இதனுடன் மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனி மருத்துவம் உண்டு.

மிகுந்தால் வருவது

இனி, பலர் சொல்லத் தயங்கும் செய்திக்கு வருவோம். மேட்டுப் பாத்தி காய்ந்திருக்கிறதென்று மடையை அகலத் திறந்தால் பள்ளத்துப் பாத்தி மூழ்கிவிடும் அல்லவா? மூளையிலும் அதுவே நிகழ்கிறது. நோயின் தொடக்கத்தில் இயக்கத்திற்கான பகுதி வறண்டிருக்கும். ஆசைக்கும் வெகுமதிக்குமான பகுதி ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். முன்னதற்குப் போதுமான மருந்து பின்னதற்கு மிகையாகிவிடுகிறது.

2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். மருந்து உட்கொள்ளாத நிலையில் இந்நோயாளிகள் இழப்பிலிருந்து நன்கு பாடம் கற்றனர். மருந்து உட்கொண்ட நிலையில் வெற்றியிலிருந்து கற்றனர். இழப்பின் பாடமோ அவ்வளவாகப் பதியவில்லை. சூதில் தோற்றும் ஒருவர் ஏன் விலகுவதில்லை என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சிறப்பாக, டோபமைனைப் போலச் செயற்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மாத்திரைகளால் சிலருக்கு அடக்கவியலாத வேட்கைகள் எழும். பணம் வைத்து ஆடுதல், தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தல், அடக்கமின்றி மிகையாக உண்ணுதல், அளவு கடந்த தாம்பத்திய இச்சை ஆகியன அவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அவர்களுள் 13.6 விழுக்காட்டினரிடம் இவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது.

வாழ்நாள் முழுதும் நேர்மையாக நடந்தவர் இந்நிலைக்கு ஆளானால் வெட்கத்தால் மறைப்பார். மனைவியோ மானத்திற்கு அஞ்சி வாய் திறக்கமாட்டார். சேமிப்பும் குடும்ப அமைதியும் கரைந்த பின்னரே செய்தி வெளிவரும். சகோதரிகளே, மருத்துவரிடம் இதைக் கூறுவது கணவரைக் காட்டிக் கொடுப்பதாகாது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோருக்கு இந்த வேட்கை தணிகிறது. ஆனால் நீங்களே மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். உடல் முற்றிலும் விறைத்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இல்லாதவை தெரியும்போது

சிலருக்கு அறையில் சிறு பிள்ளைகளும் பூனைகளும் நிற்பதாகத் தோன்றும். இதனை 'ஜின்' என்று அஞ்சி நாள்களை வீணாக்க வேண்டாம். நோயின் முதிர்ச்சியோ மருந்தின் மிகுதியோ காரணமாக இருக்கலாம். இதற்கென வேறு மருத்துவரிடம் சென்றால், பார்க்கின்சன் நோய் இருப்பதை முதலில் கூறுங்கள். மனக்குழப்பத்திற்குத் தரப்படும் ஹாலோபெரிடால், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு ஆகியவை டோபமைனைத் தடுத்து விறைப்பை மோசமாக்கும்.

நோன்பும் மருந்தும்

லெவோடோபாவின் ஆற்றல் சில மணி நேரமே நிற்கும். ஆகவே ஸஹர் முதல் இஃப்தார் வரை மருந்தின்றி இருப்பது பல நோயாளிகளுக்கு இயலாது. ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை அவர் குற்ற உணர்வின்றி ஏற்க வீட்டார் துணை நிற்க வேண்டும். மேலும், இறைச்சி, முட்டை போன்ற புரத உணவு இம்மருந்து மூளையைச் சென்றடைவதைத் தடுக்கக்கூடும். எனவே உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக மாத்திரையை உட்கொள்வது பொதுவாக நல்லது.

வாசகர்களே! ஒரு சிறு குறிப்பேட்டில் மருந்து தந்த நேரத்தையும், புதிதாகக் கண்ட குணமாற்றத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்கையில் உடன் கொண்டு செல்லுங்கள். முதியவர்மீது சினம் எழும் வேளையில், மாறியது அவர் மனமா, அன்றி மூளையில் ஒரு துளியின் அளவா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு கணம் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும், இன்ஷா அல்லாஹ்.