பந்துக்கு அரசியல் தெரியாதாம்!

"விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது" என்று ஒரு வாக்கியம் நம்மிடையே வெகு நாட்களாகப் புழங்கி வருகிறது. அதைச் சொல்கிறவர் சொல்லும்போதே சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். தர்ம சாஸ்திரத்திலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்துப் போட்டுவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரியும். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் சேர்ந்துகொள்ள எனக்கு மட்டும் மனம் வருவதில்லை. காரணம், ரஷீத் மெக்லூஃபி என்ற பந்தாட்டக்காரரின் கதை எனக்குத் தெரியும்.

மெக்லூஃபி 1936-ல் அல்ஜீரியாவிலுள்ள செத்தீஃப் என்ற ஊரில் பிறந்தார். 1945 மே 8-ம் தேதி ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வென்றது என்று பாரிஸ் நகரம் கூத்தாடியது. அதே நாளில், அதே சுதந்திரம் எங்களுக்கும் வேண்டும் என்று செத்தீஃப் ஜனங்கள் தங்கள் கொடியை ஏந்தி ஊர்வலம் போனார்கள். துப்பாக்கி வெடித்தது. கலவரத்தில் ஐரோப்பியர்கள் நூறு பேர் அளவில் மாண்டார்கள். அதற்குப் பதிலாகப் பிரெஞ்சு சர்க்கார் எடுத்த பழிக்கு அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் பலியானார்கள். மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. அரசியல் வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா?

பிள்ளை வளர்ந்தான். கால்களில் அபாரமான வித்தை இருந்தது. 1954-ல் பிரான்சின் சாந்த் எத்தியென் கோஷ்டி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அல்ஜீரிய விடுதலை யுத்தம் மூண்டது. முன்வரிசை ஆட்டக்காரரான மெக்லூஃபி கோல் மேல் கோல் போட்டார். 1957-ல் சாந்த் எத்தியென் முதல் தடவையாகப் பிரெஞ்சு சாம்பியன் பட்டம் பெற்றது. பிரான்சின் தேசியக் கோஷ்டியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 1958-ல் ஸ்வீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கு உத்தேசிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வயது 21. கைக்கெட்டும் தூரத்தில் உலகப் புகழ்.

அந்த ஏப்ரல் மாதத்தில் அவர் மறைந்துபோனார்.

அவர் மட்டுமல்ல. பிரான்சில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரியர்கள் பத்துப் பேர் அளவில், சிறுசிறு குழுக்களாக எல்லை தாண்டி, டூனிஸ் நகரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். உலகக் கோப்பைக்கு நிச்சயம் என்று எல்லோரும் நினைத்திருந்த முஸ்தஃபா ஜிதூனியும் அவர்களில் ஒருவர். வழியில் பிடிபட்டவர்களும் உண்டு. மெக்லூஃபியோ அப்போது ராணுவ சேவையில் இருந்தவர். சட்டப்படி அவர் படையை விட்டு ஓடிய குற்றவாளி. டூனிஸில் தேசிய விடுதலை முன்னணியின் பந்தாட்டக் கோஷ்டி உருவாயிற்று. நாடே பிறக்காத நிலையில் நாட்டின் கோஷ்டி பிறந்துவிட்டது!

இங்கேதான் நமது சூத்திரக்காரர்கள் குறுக்கிடுகிறார்கள். "பிரான்சு அவருக்குச் சோறு போட்டது, பேர் கொடுத்தது. உப்பிட்ட வீட்டை நடுவழியில் விட்டு ஓடுவது நன்றிகெட்டதனம் அல்லவா?" என்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த உப்பு இனாமாகவா வந்தது? மெக்லூஃபி வாங்கிய சம்பளத்துக்குக் கோலாக எண்ணிக் கொடுத்தார், கணக்கு நேராகிவிட்டது. மிச்சம் இருந்த கடன் செத்தீஃப் தெருக்களில் விழுந்தவர்களுக்குப் பட்ட கடன். நம் நாட்டில் வெள்ளைக்காரன் கோர்ட்டை உதறிவிட்டு வந்த வக்கீல்களைத் தியாகிகள் என்கிறோம். சர்க்கார் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர்களைக் கொண்டாடுகிறோம். வக்கீல் அங்கியைக் கழற்றினால் தியாகம், பந்தாட்டக்காரன் சட்டையைக் கழற்றினால் துரோகமா? இது எந்த ஊர் நியாயம்?

இனி, அரசியலைக் கலந்தது யார் என்று பார்ப்போம். பிரெஞ்சுச் சங்கத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, இந்தக் கோஷ்டியோடு ஆடினால் நடவடிக்கை எடுப்போம் என்று உலகப் பந்தாட்டச் சம்மேளனம் நாடுகளை எச்சரித்தது. ஏன்? அல்ஜீரியா என்று ஒரு நாடு இல்லையாம். அது பிரான்சின் ஒரு பகுதியாம். பந்துக்கும் இந்தப் பூகோளப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆள்கிறவன் வரைந்த படத்தை ஒப்புக்கொள்வதற்குப் பெயர் விளையாட்டு. அதை மறுப்பதற்குப் பெயர் அரசியல்! எச்சரிக்கையையும் மீறி அந்தக் கோஷ்டி வட ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் வட வியட்நாமிலும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியது. பலம் வாய்ந்த யூகோஸ்லாவியரை 6-1 என்று தோற்கடித்தது. போன இடமெல்லாம் அல்ஜீரியக் கொடி ஏறியது.

இன்னோர் உதாரணம். 1966 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஆப்பிரிக்க நாடுகள் சினந்து, மொத்தமாக விலகிக்கொண்டன. ஆக, அந்தப் போட்டியில் ஆப்பிரிக்கக் கோஷ்டி ஒன்றுகூட இல்லை. ஆனால் அதிலே அதிகக் கோல் போட்டவர் யார்? மொஸாம்பிக்கில் பிறந்த யூசேபியோ. ஒன்பது கோல், போர்ச்சுகலின் கணக்கில்! ஆப்பிரிக்கனின் கால் வேண்டும், ஆப்பிரிக்காவின் பெயர் வேண்டாம். இந்த ஏற்பாட்டில் அரசியல் இல்லை என்று நம்புகிறவருக்கு நான் என்ன சொல்ல? யூசேபியோவை நான் குறை சொல்லவில்லை. எல்லோரும் மெக்லூஃபி போலப் புறப்பட்டே தீரவேண்டும் என்று விதிக்க எனக்கு உரிமை கிடையாது. தங்கி ஆடியவரின் மனப் போராட்டத்தை நாம் அறியோம். ஆனால் புறப்பட்டவனைப் பார்த்து "ஏன் போனாய்?" என்று அதட்டுகிறவர்களை மட்டும் விடமாட்டேன்.

அவர் கொடுத்த விலை கொஞ்சமா? ஓர் ஆட்டக்காரனின் கால்கள் சொன்னபடி கேட்கும் காலம் பத்து வருஷம், மிஞ்சினால் பதினைந்து. அதில் நாலு வருஷத்தை, இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வரை, அள்ளிக் கொடுத்துவிட்டார். ஸ்வீடனில் பிரான்சு மூன்றாம் இடம் பெற்றது. அங்கே ஜூஸ்த் ஃபோந்தேன் போட்ட பதின்மூன்று கோல் இன்றும் முறியாத சாதனை. அந்த வரிசையில் மெக்லூஃபி நின்றிருக்கலாம். ஆட்டக்காரராக அவர் எந்த உலகக் கோப்பையிலும் கால் வைக்கவில்லை.

நன்றி பற்றிப் பேசினோமே, அந்தக் கதையையும் முடித்துவிடுகிறேன். 1962-ல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டின் இறுதியில் மெக்லூஃபி சாந்த் எத்தியெனுக்கே திரும்பினார். கோஷ்டி அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கிக் கிடந்தது. மேலே ஏற உதவி, 1964, 1967, 1968 என்று மூன்று தடவை சாம்பியன் பட்டம் வெல்லத் துணை நின்றார். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்தோ நகரத்தாரை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. பிரெஞ்சு ஜனாதிபதி தெகோல் கையால் கோப்பை வழங்கப்பட்டது. படையை விட்டு ஓடியவனுக்குப் பிரெஞ்சு ஜனங்கள் கை தட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்தது நம்முடைய சூத்திரக்காரர்களுக்குப் புரியவில்லை.

1982-ல் மஹியத்தீன் காலெஃபோடு சேர்ந்து அவர் பயிற்றுவித்த அல்ஜீரியா, உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. ஆனால் பிரிவின் கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி 1-0 என்று முந்தியதும், அதுவும் ஆஸ்திரியாவும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கின. அந்தக் கணக்கில் இருவருக்கும் இடம் கிடைத்தது, அல்ஜீரியா வெளியே போயிற்று. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் என்று விதி செய்தார்கள்.

2024 நவம்பர் 8-ம் தேதி, தம் 88-வது வயதில் மெக்லூஃபி காலமானார். விளையாட்டில் அரசியலை அவர் கொண்டுவரவில்லை. மைதானத்தின் நடுவே அது ஏற்கனவே கொடி நாட்டி உட்கார்ந்திருந்தது. அவர் செய்ததெல்லாம், அந்தக் கொடி யாருடையது என்று கேட்டதுதான். அப்படிக் கேட்பது குற்றம் என்றால், சுதந்திரம் என்ற வார்த்தையையே நம் அகராதியிலிருந்து அடித்துவிடலாம்.