பெயர் போட்டு எழுதுவது

சிற்றிதழைக் கமாண்டோ படையோடு ஒப்பிட்டு நண்பர்கள் சிலர் பாராட்டுகிறார்கள். ஆள் குறைவு, குறி துல்லியம், அடி பலம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இருந்துகொண்டு எங்களால் அந்தப் பாராட்டை ஏற்க முடியவில்லை.

1943 செப்டம்பர் 26 இரவு, ஜப்பானியர் பிடியில் இருந்த இந்தத் துறைமுகப் பகுதிக்குள் ஆறு கமாண்டோக்கள் மூன்று மடக்குப் படகுகளில் நுழைந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரெய்ட்' என்ற மீன்பிடிப் படகில், தோலுக்குச் சாயம் பூசி, ஜப்பானியக் கொடியேற்றி வந்த 14 பேரில் இவர்களும் உண்டு. கப்பல்களின் அடியில் ஒட்டிய வெடிகள் விடியலில் வெடித்தன. ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாயின. பதினான்கு பேரும் உயிரோடு திரும்பினார்கள். செய்தது யாரென்று தெரியாத ஜப்பானிய ராணுவப் போலீஸ், அக்டோபர் 10 முதல், சம்பந்தமே இல்லாத 57 பேரைப் பிடித்து வதைத்தது. பதினைந்து பேர் இறந்தார்கள். குற்றம் வதைத்தவர்களுடையது, ஐயமில்லை. ஆனால் மறைந்திருந்து அடித்ததன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.

1954 மே மாதம் மலாயாப் பல்கலைக்கழகச் சோஷலிஸ்ட் கழகத்தின் 'ஃபஜார்' ஏழாம் இதழில், 'ஆசியாவில் ஆக்கிரமிப்பு' என்று ஒரு தலையங்கம் வந்தது. எட்டு மாணவர்கள் மீது ராஜத்துரோக வழக்கு. போ சூ காய், ராஜகுமார், அருட்சோதி, ஜேம்ஸ் புதுச்சேரி எல்லோரும் இதழுக்குப் பொறுப்பேற்று நின்றவர்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு யாரும் அடிபடவில்லை. புதுச்சேரி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா போர்முனைவரை போனவர். துப்பாக்கி என்னவென்று தெரிந்த பிறகே பேனாவை எடுத்தார். அதை நாங்கள் சாதாரணமாக எண்ணவில்லை. வழக்கறிஞர் பிரிட்டும் அவருக்குத் துணையாக லீ குவான் இயூவும் வாதாட, ஆகஸ்டில் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். மறு ஆண்டு லீ தஞ்சோங் பகாரின் சட்டமன்ற உறுப்பினரானார்.

1963 பிப்ரவரி 2, விடிவதற்கு முன், 'கோல்ட்ஸ்டோர்' என்ற சங்கேதப் பெயரில் போலீஸ் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. லீ அப்போது பிரதமர். போ சூ காயும் புதுச்சேரியும் பிடிபட்டவர்களில் இருந்தார்கள். இம்முறை விசாரணை இல்லை. சங்கேதப் பெயரும் இருட்டும் அரசுகளிடம் ஏராளமாக இருக்கின்றன. பத்திரிகைக்கும் அவை வேண்டும் என்று கேட்பது எங்களுக்குப் புரியவில்லை. தாக்கப்பட்டவர் திருப்பிப் பேச முடிவதுதான் எழுத்தின் போர்முறை.

அடுத்த இதழிலிருந்து மறுப்புகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். புனைபெயர் வேண்டாம், சொந்தப் பெயரில் எழுதுங்கள்.