பட்டன் இருக்கிறது, டயர் இல்லை

சொன்னால் சிரிப்பீர்கள். டயர் தொழிற்சாலை இருக்கிற வெள்ளரிப்பட்டியைத் தாண்டி மேலூர் சாலையில்தான் என் புல்லட்டின் பின் டயர் வெடித்தது. பாவம், அந்த டயர் அவர்கள் செய்ததும் அல்ல. தப்பு முழுக்க என்னுடையது.

கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வீட்டுக்காரி. வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது. பட்டென்று ஒரு சத்தம், வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன். எப்படியோ ஓரத்து மண்ணில் போய் நின்றது. இறங்கிய அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும்னு சொன்னீங்களேங்க."

பஞ்சர் கடைத் தம்பி டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்ப சார் வாங்குனது?"

"பட்டன் அப்படியே இருக்கே தம்பி" என்றேன்.

"பட்டன் இருக்கு சார். டயர்தான் இல்லை."

பக்கவாட்டில் நான்கு இலக்கம் காட்டினார்: 0809. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2009-ஆம் ஆண்டு எட்டாவது வாரம் செய்த டயர். அதன் மேலெல்லாம் குளத்து வண்டல் வெடித்த மாதிரி மெல்லிய கீறல்கள். தினமும் துணி வைத்துத் துடைத்தவன் நான், அந்தக் கீறலைப் பார்த்ததே இல்லை.

எங்களைப் போன்ற கிழவர்களுக்கு இதில்தான் ஆபத்து. திருவொற்றியூர் காலத்து புல்லட், ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்பவர்கள் எவ்வளவு ஓட்டுகிறோம்? கோயிலுக்கு, பேங்குக்கு, மாதம் ஒரு விசேஷத்துக்கு. பட்டன் தேயவே தேயாது. ஆனால் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலும் மதுரை வெயிலிலும் இறுகி வெடிக்கிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பாரம் ஒரே பக்கத்தில் அழுந்துகிறது. நிறைய ஓட்டுகிறவனை வழுக்கையான டயராவது எச்சரிக்கும், நமக்கு அந்த எச்சரிக்கையும் வராது. சட்டமும் இருசக்கர வாகனத்துக்குப் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றுதான் அளக்கிறது. வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டிக் கூட்டங்களில் "டயர்கூட ஒரிஜினல்" என்று பெருமை பேசுகிறார்கள். கண்காட்சியில் நிறுத்த மட்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். ரோட்டில் ஏற்றுகிற வண்டிக்கு அது பெருமை இல்லை. என்ஜினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு டியூப்பை மட்டும் பழசையே போடச் சொல்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். நானே அப்படிச் சொன்னவன்தான்.

மாட்டுவதைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். 3.25-19 அளவு, அகலமான டயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் ரிம்மின் உட்புறத் துருவைத் தேய்த்து, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஸ்போக்ஸ் முனைகளை அரத்தால் ராவினார். அதன்மேல் புது ரப்பர் நாடா. பழைய நாடா நைந்து, டியூப்பில் ஸ்போக்ஸ் தடம் பதிந்திருந்தது. புது டியூப்பில் லேசாகக் காற்றடித்து உள்ளே வைத்தார். கொஞ்சம் காற்று இருந்தால்தான் மடியாது, லிவரில் கடிபடாது.

கடைசி விளிம்பைத் தள்ளும்போதுதான் பல கடைகளில் சுத்தியலும் முழு பலமும் வேலை செய்யும். இவர் அப்படிச் செய்யவில்லை. டயர் விளிம்பில் கம்பி இருக்கிறது, அது நீளாது. ஆனால் ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப்பின் தடித்த அடி பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே இறங்காது. ஆகவே வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, சிறுசிறு கடியாக லிவர் போட்டு, கடைசி ஒரு சாணைக் கையாலேயே தள்ளினார். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விட்டு, காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்தார். மடிப்பு இருந்தால் நேராகிவிடுமாம். ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபிறகே ஒப்படைத்தார்.

டி.வி.எஸ். பஸ் ஓடிய ஆரம்ப நாட்களில் மாட்டு லாட ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, ரோட்டில் காந்தம் ஓட்டிப் பொறுக்கினார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். டயருக்கு அத்தனை மரியாதை கொடுத்த ஊரில், நான் நான்கு எண்களைக் குனிந்து பார்க்கச் சோம்பினேன்.

புதுசு போட்டு வந்தபின் வீட்டுக்காரி டார்ச் எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். 1412 என்று வாசித்துக் காட்டினாள். புதன்கிழமை மறுபடி கடைக்குப் போகிறேன்.