உரை எழுதியவர் யார்?

ஒரு நூல் பெண்ணைத் தாழ்த்துகிறது என்று சொல்லுமுன், அந்நூலுக்கு உரை சொன்னவர் யார் என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

விவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதாமுக்குத் துணையாக ஏவாள் படைக்கப்பட்டாள் என்பதைக் காட்டி, துணை என்றால் ஏவல் செய்பவள் என்று நெடுங்காலம் போதித்தார்கள். ஆனால் அங்குள்ள 'ஏசெர்' என்னும் எபிரேயச் சொல், சங்கீதங்களில் இறைவனின் உதவியையும் குறிக்கிறது. துணை செய்பவர் தாழ்ந்தவர் என்றால் இறைவனும் தாழ்ந்தவரா?

பெபேயாள் என்னும் பெண்ணைப் பவுல் அடிகள் குறித்த கிரேக்கச் சொல்லை, ஆணுக்கு வருமிடத்தில் 'திருப்பணியாளர்' என்றும், இவளுக்கு மட்டும் 'வேலைக்காரி' என்றும் பொருள்படப் பெயர்த்தது 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம். மூலம் ஒன்று, அளக்கும் மரக்கால் இரண்டு!

இதைத் தட்டிக் கேட்க அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் 1895-இலும் 1898-இலும் 'பெண்களின் விவிலியம்' வெளியிட்டார். நம் நாட்டிலோ பண்டித ரமாபாய் (1858-1922) எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியத்தைத் தாமே மராத்தியில் பெயர்த்தார்.

உடன்பிறந்த ஆண் இல்லாத செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் மோசேயின் முன் நின்று தந்தையின் காணியைக் கேட்டுப் பெற்றதாக எண்ணாகமம் கூறுகிறது. அந்நூலை ஓதிய திருவிதாங்கூர்க் கிறித்தவர்க்கு வந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டமோ, தந்தை உயில் எழுதாது இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் அல்லது 5000 ரூபாய், இவற்றில் குறைந்ததையே தந்தது. மேரி ராய் வழக்காடி, அச்சட்டம் செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் 1986-இல் பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பா லலிதா பேராயரானார்.

பெண் சபையில் பேசலாகாது என்ற வரியும் அங்கே உண்டே என்பர். உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உயிர்த்தெழுந்த செய்தியைச் சொல்ல மகதலேனா மரியாளை இயேசு அனுப்பிய பகுதியும் அங்கேதான் உண்டு. எதை உரக்கப் படிப்பது, எதை மெல்லக் கடப்பது என்பதைப் பெரும்பாலும் ஆண்களே முடிவு செய்து வந்தனர். சிக்கல் அங்கேதான்.

"வேற்றுச் சமயத்தார் பாடு நமக்கெதற்கு?" என்று கேட்கும் நண்பர்களே! எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்த தாய்மார், காணிப் பங்கு என்றதும் "சாத்திரம் அப்படி" என்று வாய் மூடுகிறார்கள். எந்தச் சாத்திரம்? யார் படித்துச் சொன்னது?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் கற்றுத் தந்தது. அவர்தம் பெண்மக்கள் இன்று பட்டம் பெறுகிறார்கள். பிறர் படித்துச் சொன்னதைக் கேட்டது போதும். தோழியரே, மூலத்தை நீங்களே படியுங்கள்! உரையையும் நீங்களே எழுதுங்கள்!